பேரிக்காய்ப் பத்திரிகை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வாரமே என் அண்ணி கைப்பிடி வைத்த ஒரு சின்ன மெஷினை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையின் நட்டநடுவில் வைத்தார். இரண்டு உருளைகள், பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். வழவழப்பான ஒரு தாளை அச்சோடு சேர்த்து உள்ளே விட்டுச் சுற்றினால், மறுபக்கம் அது மேடும் பள்ளமுமாகப் பூத்துக்கொண்டு வெளியே வரும். அச்சுக்குப் பதில் கூர்விளிம்புள்ள தகட்டை வைத்தால் அதே வடிவத்தில் வெட்டியும் கொடுக்கும். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது. விருந்தாளிகள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இதுதான் இப்போது நாகரிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

முதலில் கடையில் விற்கிற அச்சுகளோடுதான் ஆரம்பித்தார். அவை சீக்கிரமே அலுத்துவிட்டன. லேஸ் துணி, சணல் கயிறு, சீப்பு, டீ வடிகட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தாளுக்கு அடியில் வைத்து உருட்டினார். எல்லாமே பதிந்தன. அண்ணனுடைய கைக்கடிகாரத்தின் தோல்பட்டை ஒரு நாள் காணாமல் போய், கடைசியில் யாருடைய பிறந்தநாள் அட்டையிலோ முதலையின் முதுகாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அண்ணன் அந்த மேசைப் பக்கம் குனிந்தால் அதுவும் உருளைக்குள் போய்விடுமோ என்று இரண்டு காதையும் பொத்திக்கொள்வார் என்று நான் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அது சுத்தப் பொய் என்கிறார் அண்ணன். ஒரு காதைத்தான் பொத்துவாராம்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவர்களுடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதுதான் வினையாகிவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்தவர். அவர் ஒருவரை ஏற இறங்கப் பார்த்தால், பார்க்கப்பட்டவர் தானாகவே நாக்கை நீட்டிக் காட்டுவார். பேச்சில் மிகவும் சிக்கனம். கல்யாணப் பத்திரிகை முழுவதையும் என் கையாலேயே செய்யப்போகிறேன் என்று அண்ணி அவர் முன்னால் அறிவித்தபோது, அந்த அம்மா காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"கையால செய்யறதெல்லாம் ஆசைக்கு நல்லாத்தான் இருக்கும் சம்பந்தி. நாலு பேர் கைக்குப் போறது. நல்ல பிரஸ்ல குடுத்துடுவோமே."

என் அண்ணிக்கு ரோஷம் வந்தால் முகம் சிவக்காது. குரல்தான் தேனாகும்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. எல்லாம் இதே மேசை மேல ரெடியா இருக்கும். பார்த்துட்டுப் பிடிக்கலைன்னா சொல்லுங்க, உங்க பிரஸ்லயே அடிச்சுடலாம். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

என் அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதா? உலகம் அதுவரை கண்டிராத பந்தயம் அது. தோற்றால் பத்திரிகை போவது பெரிதில்லை. கல்யாணத்துக்கு முன்பே சம்பந்தியிடம் தோற்றவர் அப்புறம் பேரப்பிள்ளைக்குச் சட்டை எடுக்கிற வரைக்கும் தோற்றுக்கொண்டேதான் இருக்க வேண்டும். இது அண்ணிக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரியும். அண்ணனுக்கு மட்டும் தெரியாது. அவர் பிஸ்கட் தீர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே வேலை ஆரம்பமானது. அண்ணன் படித்து முடித்த செய்தித்தாள்களும் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளும் ஊறவைக்கப்பட்டன. மிக்ஸியில் அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் வாரி, துணிமேல் கவிழ்த்து மொட்டைமாடி முழுக்கக் காயவைத்தார் அண்ணி. அந்த வெயிலுக்கு ஒரு பொறுப்பு வந்துவிட்டது. மேகம் ஏதாவது தலைகாட்டினால் அண்ணி மாடிக்குப் போய் அதை முறைத்துப் பார்ப்பார், அது பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். காய்ந்து வந்த தாள்கள் தடிமனாக, நார் நாராக, தடவினால் பூனைக்குட்டி மாதிரி இருந்தன.

வடிவம்தான் பேரிக்காயாகப் போயிற்று. ஏன் பேரிக்காய் என்று கேட்காதவர்கள் கிடையாது. கடையில் பத்திரிகை அளவுக்குப் பெரிய வெட்டுத் தகடுகள் இரண்டுதான் இருந்தன. இன்னொன்று மண்டை ஓடு.

மடித்த தாளின் உள்பக்கத்தில் கல்யாண விவரத்தை ரப்பர் முத்திரையால் பதித்தாகிவிட்டது. மேல்பக்கத்தில் லேஸ் துணியின் புடைப்பு. நார்த்தாளை அப்படியே உருளையில் விட்டால் வெடித்துவிடும் என்பதால் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். கூடினால் கிழியும். பதம் பார்க்க அண்ணி ஒவ்வொரு தாளையும் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். அந்த வாரம் முழுக்க அவர் கன்னத்தில் செய்தித்தாளின் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. பால் கொண்டுவந்தவர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

எல்லாத் தாளிலும் புடைப்பு ஏற்றி முடித்தபோது கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அண்ணியின் மணிக்கட்டு பேரிக்காயைவிடப் பெரிதாக வீங்கிவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டு, கை அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார். வெட்டுகிற வேலை மட்டும் பாக்கி. அதை அண்ணன் ஏற்றுக்கொண்டார்.

என் அண்ணன் உத்தியோக காலம் முழுவதும் நில அளவையராக இருந்தவர். சங்கிலியும் எல்லைக்கல்லுமாகவே வாழ்ந்தவர். அடுத்தவன் நிலத்தில் அரை விரற்கடை வேலி நீட்டியிருந்தாலும் தூக்கம் வராது. நடைபாதையில் கோட்டை மிதிக்காமல் நடக்கிற ஆள். இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தும் அண்ணி அவரிடம் அந்தத் தகட்டைக் கொடுத்ததை, வலி மாத்திரையின் மயக்கம் என்றுதான் நான் சொல்வேன்.

சொல்லித்தான் கொடுத்தார், குறை சொல்ல முடியாது. மடித்த அட்டையின் மேல் தகட்டை வைக்கும்போது, மடிப்புப் பக்கம் மட்டும் தகடு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடத்தில் வெட்டு விழாமல் முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும், பத்திரிகை புத்தகம் மாதிரி திறக்கும். அண்ணன் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். அண்ணி மகளோடு துணிக்கடைக்குக் கிளம்பிப் போனார்.

அண்ணன் தகட்டை எடுத்து அட்டையின் மேல் வைத்தார். மடிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவருக்கு மனசு கேட்கவில்லை. எல்லையைத் தாண்டி நிற்கிற ஒன்றைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்ற எந்த அளவையரால் முடியும்? உள்ளே தள்ளினார். நாலு பக்கமும் சமமாக இடம் விட்டு, அளவுகோலால் சரிபார்த்து, நடுவில் உட்காரவைத்துச் சுற்றினார். கடக் என்று சத்தம் கேட்டது. பேரிக்காய் அழகாக வெளியே வந்தது.

நார்த்தாளில் ஒரு குணம் உண்டு. வெட்டுப்பட்ட விளிம்பில் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனால் ரெண்டாகப் போன பேரிக்காய், ஒன்று மாதிரியே கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தது. அண்ணன் திறந்து பார்க்கவில்லை. அடுத்தவர் கைக்குப் போகிற பத்திரிகையைத் திறந்து பார்க்கக் கூடாதாம். ஒவ்வொன்றாக வெட்டி, பெட்டியில் அடுக்கி, நூலால் கட்டி, மேலே ஒரு தட்டு தட்டி, காலை நீட்டிப் படுத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணி பெட்டியைத் திறந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். இந்த மாதிரி சமயங்களில் நான் எப்படியோ அங்கே இருந்துவிடுவேன். மேலே இருந்த பத்திரிகையை எடுத்து இடது கையால் விரித்தார். முன்பாதி அவர் கையில் நின்றது. பின்பாதி தரையில் விழுந்தது. அடுத்ததை எடுத்தார். அதுவும். பெட்டியின் அடி வரைக்கும் பார்த்தார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, ஒன்றும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். வீடு அப்படி அமைதியானதில் பக்கத்து வீட்டுக்காரர் பயந்துபோய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்னங்க," என்றார் அண்ணி கடைசியில். "வெளிய நீட்டணும்னு சொன்னேனே?"

"நீட்டினா அது ஆக்கிரமிப்பும்மா," என்றார் அண்ணன்.

புதுத்தாள் செய்து காயவைக்க நாள் இல்லை. மடிப்பில் பசை தடவி ஒட்டிவிடலாம் என்றேன் நான். ஒட்டினால் திறக்காது, திறந்தால் ஒட்டாது என்று அண்ணி ஒரே பார்வையில் என்னை உட்காரவைத்தார். மகள் போனில், பேசாமல் பிரஸ்ஸிலேயே கொடுத்துவிடலாமே அம்மா என்றாள். அண்ணி போனை வைத்துவிட்டார். அப்போதுதான் அவர் குப்பைக் கூடையைப் பார்த்தார். பேரிக்காய் போக மீதியான ஓட்டைத்தாள்கள் அதில் நிறைந்து கிடந்தன.

அவற்றை எடுத்து மெல்லிய பட்டைகளாகக் கத்தரிக்கச் சொன்னார். கத்தரித்தது நான். அண்ணன் பக்கத்து அறையில் கதவுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தார். பழைய மரப்பலகை ஒன்றின் ரேகை தெரிகிற பக்கத்தை அடியில் வைத்து, ஒவ்வொரு பட்டையின் மேலும் தீர்ந்துபோன பேனா முனையால் அண்ணி இடது கையாலேயே அழுத்தித் தேய்த்தார். பட்டையில் மரத்தோல் மாதிரி வரிகள் ஏறின. அதை நடுவில் மடித்து, பேரிக்காயின் உச்சியில் முன்னும் பின்னும் ஒட்டினால் காம்பு. இரண்டு பேரிக்காய்கள், ஒரே காம்பு. தூக்கினால் மேல்நோக்கித் திறக்கும். வெள்ளியும் சனியும் நாங்கள் காம்பு ஒட்டினோம். என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதில் சனிக்கிழமை இரவு கையெடுத்துக் கும்பிட்டபடியே தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சம்பந்தியம்மா வந்தார், பெரிய தோள்பையோடு. வாங்க என்பதைத் தவிர வேறு எதையும் பேசக்கூடாது என்று அண்ணனுக்குக் கட்டளை. அவர் அதைப் பலமுறை சொல்லி நல்லபடியாகவே நிறைவேற்றினார்.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பத்திரிகையை எடுத்தார். பேரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேஸ் புடைப்பை விரலால் நாடி பிடிப்பது போலத் தடவினார். காம்பைத் தூக்கித் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இந்தக் காம்பு யாரோட யோசனை?"

அண்ணி தேன்குரலில் வாயெடுக்கும் முன்பே அண்ணன் எழுந்து நின்றார்.

"காரணம் நான்தாங்க," என்றார், சாட்சிக் கூண்டில் ஏறியவர் மாதிரி.

பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒரு தாளை மடித்து, தகட்டை வைத்து, மடிப்புக்கோடு எது, எல்லை எது, தான் எந்த இடத்தில் நிறுத்தினேன் என்பதையெல்லாம் விளக்கினார். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் வாங்கினாலும் இப்படி ஓர் இடம் கிடைக்காது.

"அப்ப எல்லாமே ரெண்டா போயிடுச்சு," என்றார் சம்பந்தியம்மா.

"எல்லாமேங்க. ஒண்ணு கூடத் தப்பலை," என்றார் அண்ணன், கொஞ்சம் பெருமையாகவே.

அந்த அம்மா அண்ணியின் மணிக்கட்டுக் கட்டைப் பார்த்தார். என்றைக்குத் தெரிந்தது என்று கேட்டார். வியாழக்கிழமை என்றார் அண்ணி. அப்புறம் சம்பந்தியம்மா தோள்பையைத் திறந்து ஒரு கட்டுப் பத்திரிகையை எடுத்து மேசையில் வைத்தார். பளபளப்பான அட்டை, தங்க எழுத்து, பிரஸ்ஸின் வாசனை இன்னும் போகவில்லை. மாதிரி அல்ல. மொத்தமும்.

"சும்மா, ஒரு பாதுகாப்புக்கு அடிச்சு வெச்சேன்," என்றார். நேர்மைக்கு முன்னால் உட்கார்ந்தால் சிலருக்கு அது தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது.

அண்ணி ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"வழவழன்னு நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அந்த அம்மா அன்றைக்குச் சொன்ன அதே 'நல்லாத்தான்'. கத்தியால் குத்தியிருந்தால்கூட அவ்வளவு ஆழம் போயிருக்காது. அந்த அம்மாவின் முகம் மாறியது. அண்ணி அதையும் பார்த்துவிட்டு, அந்த அட்டையை லேஸோடு சேர்த்து மெஷினோடு வந்த தட்டுகளுக்கு நடுவில் அடுக்கி, உருளையின் வாயில் வைத்தார்.

"என் கை சரியில்லை. நீங்களே சுத்துங்களேன்."

சம்பந்தியம்மா கைப்பிடியைப் பிடித்தார். ஊசி போடுவதற்கு முன்னால் பார்ப்பது மாதிரி ஒரு தடவை பார்த்தார். சுற்றினார். மெஷின் கறகறவென்று முனகி, அட்டையை மறுபக்கம் துப்பியது. தங்க எழுத்தின் மேல் லேஸ் பூத்திருந்தது. அவர் அதைத் தடவினார். கட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தார். சுற்றினார். இன்னொன்று. சாப்பிடக் கூப்பிட்டோம், கேட்கவில்லை. கட்டு முழுவதும் தீர்ந்த பிறகுதான் நிமிர்ந்தார். நாற்பது வருஷம் ஊசி பிடித்த கைக்கு அன்றைக்குத்தான் விடுதலை கிடைத்தது என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

"இது நம்ம தூரத்துச் சொந்தங்களுக்குப் போகட்டும்," என்றார் தன் பளபளப்புகளைத் தள்ளிவைத்து. "கிட்டத்துச் சொந்தங்களுக்கு, ரெண்டு பக்கமும், பேரிக்காய்தான். உங்ககிட்ட இருக்கறது பத்தாது சம்பந்தி. இன்னும் வெட்டணும்."

அண்ணி ஜெயித்துவிட்டார். தலையை நிமிர்த்தி, சரி என்று சொல்லக்கூட வாயைத் திறந்தார்.

"கைப்பிடி எங்கிட்ட இருக்கட்டும். நாளைக்குக் காலையில வந்துடறேன்," என்றார் அந்த அம்மா.

வந்தார். முதுகுக்குத் தலையணை, கையுறை, சொந்தமாக ஒரு காப்பி டம்ளர் எல்லாம் கொண்டுவந்தார். முதல் மணி நேரத்திலேயே மேசையை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னார், வெளிச்சத்துக்கு. கூழ் இன்னும் நைஸாக அரைக்கலாம் என்றார். அண்ணியின் கட்டை அவிழ்த்து, போட்டவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி வேறு மாதிரி கட்டினார். அண்ணனை மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தகடு வைக்கும் பொறுப்பை, ரெண்டாகவே வெட்டும்படி, அவரிடமே கொடுத்துவிட்டார். அண்ணன் எல்லைக்குள் நின்று வெட்டித் தள்ளினார்.

மூன்றாவது நாள் அண்ணி அடுப்படியில் என்னைத் தனியாகப் பிடித்தார். கல்யாணத்துக்கு அப்புறம் இவங்க அவங்க வீட்டோட இருந்துடுவாங்கல்ல என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கல்யாணம் முடிந்ததும் நன்றி அட்டைகள் ஆரம்பிக்கலாம் என்று அந்த அம்மா இப்போதுதான் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மண்டை ஓட்டுத் தகடு இன்னும் கடையில் இருக்கிறதா என்று விசாரித்து வரச்சொல்லி அவரை அனுப்பியும் விட்டார்.