பன்னிரண்டு பலகையும் ஒரு முட்டைப் பெட்டியும்

எங்கள் மாடியில் பன்னிரண்டு சோலார் பலகைகள். எதிர்வீட்டில் இருக்கும் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், போட்டிருப்பது நாலே நாலு. கூடவே ஒரு பேட்டரியும் வாங்கி மாட்டியிருந்தார். "பகல்ல மிஞ்சுற கரண்ட்டை லைன்ல அனுப்பிட்டு, ராத்திரி லைன்லேருந்தே எடுத்துக்கலாமே மச்சான்! பேட்டரி எதுக்கு, தண்டத்துக்கு?" என்று அவர் வீட்டிலேயே உட்கார்ந்து, அவர் கொடுத்த டீயையே குடித்துக்கொண்டு பாடம் நடத்தியவன் நான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

அன்று உச்சி வெயிலில் கரண்ட் போனது. என் மனைவி வேலையை விட்டுவிட்டு முதன்முதலாகத் தொடங்கிய தொழில் கோழிக்குஞ்சு பொரிப்பது. முதல் ஈடு முட்டைகள், கரண்ட்டில் சூடேறி அடைகாக்கும் பெட்டியில், குஞ்சு பொரிக்கும் தறுவாயில் இருந்தன. சூடு இறங்கினால் உள்ளே இருக்கும் உயிர்கள் அவ்வளவுதான்.

"பயப்படாதே, நம்ம மாடியில சூரியனே குடியிருக்கு" என்றேன். பெட்டியில் விளக்கு எரியவில்லை. சோலார் மாட்டியவருக்குப் போன் போட்டேன்.

"லைன் போனா உங்க இன்வெர்ட்டரும் நின்னுடும் சார். இல்லேன்னா கம்பத்துல வேலை பாக்கிறவருக்கு ஷாக் அடிக்கும். பேட்டரி போட்டா வீடு தனியா ஓடும்னு அன்னிக்கே சொன்னேனே!"

சொன்னார்தான். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பன்னிரண்டு பலகையும் மாடியில் பளபளவென்று சும்மா கிடந்தன.

"அண்ணன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போலாங்க" என்றாள்.

"இரு, இதோ வந்துடும்." அங்கே போய் நிற்க என் மானம் இடம் கொடுக்கவில்லை. "வேணும்னா பெட்டியை வெயில்ல வைப்போமா?"

"எதுக்கு, ஆம்லெட் போடவா?" என்றவள் பெட்டியின் வெப்பமானியைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "இறங்கிட்டே இருக்குங்க."

அதற்குமேல் என்ன மானம்? போர்வையைச் சுற்றிப் பெட்டியைத் தூக்கினேன். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்த மாதிரி இருந்தது.

மச்சான் ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பேன். பெட்டியைச் சொருகிவிட்டு, பிரிட்ஜையும் ஃபேனையும் அணைத்தார். "நாலு பலகைதானே மாப்ள, பேட்டரி தாங்கணும்ல?" எல்லோரும் வியர்த்து வழிந்தபடி பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். சூடு மெல்ல ஏறியது.

சாயங்காலத்துக்கு முன்பே லைன் வந்துவிட்டது. நான் துள்ளி எழுந்தேன். "வா, பெட்டியை நம்ம வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம். இனி பன்னெண்டும் ஓடும்!"

"மறுபடி போனா?" அவள் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "இது இங்கயே இருக்கட்டும். நீங்க வேணா வீட்டுக்குப் போங்க."

சுருக்கென்றது. மச்சான் எதுவும் காதில் விழாதவர்போல் எழுந்து சமையலறைக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். நான் மறுபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பெட்டிக்குள் டக்டக்கென்று சத்தம். ஒரு முட்டையில் கீறல் விழுந்து, சின்ன மூக்கு ஒன்று வெளியே வந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அண்ணே! ஓடி வாயேன், வந்து பாரு!" என்று கத்தினாள்.

மச்சான் ஓடி வந்தார். நான் நகர்ந்து இடம் விட்டேன்.