சவப்பெட்டிக்குள் கேட்ட குரல்

இத்தாலியின் மாச்செராத்தா நகரில் லத்தீன் கற்பிக்கும் பேராசிரியர் எர்மெதே செசரெத்திக்கு நடிப்பு வராது. ஆனாலும் தங்கை ஒர்னெல்லா எடுக்கும் படங்களில் எல்லாம் அவருக்கு ஒரு வேஷம் உண்டு. பிஷப், நீதிபதி, ஒருமுறை குடிகார மீனவர்.

இந்த முறை பிணம்.

"வசனமே இல்லண்ணா. மூச்சை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கோ," என்றாள் ஒர்னெல்லா.

காட்சிக்காக ஊர் வழக்கப்படி ஒரு மரண அறிவிப்பு அச்சடித்து, முந்தின நாளே தேவாலயச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கறுப்புக் கரை, அவருடைய புகைப்படம். வேறு பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு, அவருடைய சொந்தப் பெயரையே போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை தேவாலயத்துக்குள் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எர்மெதே சவப்பெட்டிக்குள் கண்மூடிக் கிடந்தார். துணை நடிகர்கள் ஒவ்வொருவராக வந்து சிலுவைக்குறி போட்டுவிட்டு நகர்ந்தார்கள். பிறகு ஒரு கை அவர் கையைப் பற்றியது.

"எர்மெதே, என்னடா இது? சுவத்துல உன் போட்டோவைப் பாத்துட்டு ஓடி வரேன்."

குரலைக் கேட்டதும் அவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. துல்லியோ! பல்கலைக்கழகத்தில் பக்கத்து மேஜைக்காரர். துறைத் தலைவர் பதவி எர்மெதேவுக்குப் போன நாளிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசாதவர்.

"உன் படம் ஒண்ணு விடாம பாத்தேன்டா. கடைசி வரிசையில உக்காந்துட்டு, லைட்டு போடறதுக்குள்ள ஓடிடுவேன். பிஷப்பா வந்தியே, கண்றாவி. அன்னிக்கே போன் பண்ணித் திட்டணும்னு எடுத்தேன். வெச்சுட்டேன். இப்ப யாரைடா திட்டறது?"

எழுந்தால் மனுஷன் அங்கேயே மயங்கி விழுந்துவிடுவாரோ என்று பயம். எழாமல் கிடப்பதோ அதைவிடக் கொடுமை. யாராவது நிறுத்துவார்கள் என்று எர்மெதே காத்திருந்தார். யாரும் நிறுத்தவில்லை. மூடிய இமையைத் தாண்டிக் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

துல்லியோ அதைப் பார்த்துவிட்டார். கையை உதறிப் பின்வாங்கி, பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பயப்படாதே துல்லியோ. இது சினிமா," என்றபடி எர்மெதே எழுந்து உட்கார்ந்தார்.

துல்லியோ கேமராவைப் பார்த்தார். ஒர்னெல்லாவைப் பார்த்தார். எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

எர்மெதே தங்கையிடம் திரும்பினார். "அவன் யாருன்னு உனக்குத் தெரியும்ல?"

"உள்ள நுழையும்போதே தெரிஞ்சுது. நிறுத்தச் சொல்ல வாய் வரலண்ணா. இப்படி ஒரு காட்சி எனக்கு இனிமே கிடைக்கவே கிடைக்காது."

யாரோ அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். "அழிச்சுடு. இல்லன்னா இனிமே உன் படத்துலயும் நான் இல்ல, உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலயும் இல்ல."

அவள் முகம் வெளுத்துப் போயிற்று. கேமராக்காரரிடம் மெல்லத் தலையசைத்தாள். அழிந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எர்மெதே பெட்டியை விட்டு இறங்கினார்.

பிண ஒப்பனையோடே எதிர் காப்பிக் கடைக்கு ஓடினார். அவரைக் கண்டதும் கடைக்காரப் பெண் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டாள். மூலை மேஜையில் துல்லியோ இருந்தார். முன்னால் இருந்த காப்பியை அவர் இன்னும் தொடவில்லை.

"துல்லியோ, நான் வந்து..."

"ஒண்ணும் பேசாதே. இன்னும் கொஞ்ச நேரம் செத்தவனாவே இரு. உயிரோட இருக்கறவன்கிட்டப் பேச எனக்குத் தைரியம் வரணும்."

எர்மெதே எதிரே உட்கார்ந்தார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு துல்லியோ தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"மூஞ்சியைத் தொடை. பாக்கச் சகிக்கல."