நின்றுகொண்டிருக்கும் ராஜா

பொன்னிலங்குறிச்சி அரண்மனையில் ராஜா நின்றுகொண்டுதான் இருப்பார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் குடிக்க எழுந்தவர், சிம்மாசனத்தில் துண்டு போடாமல் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் யாரோ போட்டுவிட்டார்கள். அவருக்கப்புறம் இன்னொருவர். மனிதர் என்ன செய்வார், தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

மிக்கேல் தன் சிநேகிதர்கள் தாணுலிங்கத்தோடும் ஜஸ்டினோடும் உள்ளே நுழைந்தபோது, பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்த டீச்சர் ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். ராஜா உட்காரப் பாதி குனிந்துவிட்டார். காலி இடத்தைக் கண்டால் மிக்கேலுக்குக் கை சும்மா இருக்காது. நாகர்கோவில் பஸ்ஸில் காலேஜ் போய்வந்த கை அது. வாசலில் நின்றபடியே கர்சீப்பை வீசினான். ஏழு பேர் தலைக்கு மேல் பறந்து அது சிம்மாசனத்தின் நட்டநடுவில் விழுந்தது. ராஜா நிமிர்ந்து மறுபடி தூணைப் பிடித்தார்.

காவலர் மிக்கேலை உட்காரவைத்துத் தலையில் கிரீடத்தைக் கவிழ்த்தார். கொஞ்சம் லூஸ்.

"லேய், நாளைக்கு ஒனக்குக் கல்யாணம்லா?" என்றான் தாணுலிங்கம். ஜஸ்டின் அதற்குள் மந்திரி நாற்காலியில் தன் பையை வைத்திருந்தான்.

ஏற்கெனவே இரண்டு தடவை மிக்கேலால் தேதி தள்ளிப்போயிருந்தது. இந்தத் தடவையும் காலை பத்து மணிக்குச் சர்ச்சுக்கு வரவில்லையென்றால் வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொள்வதாக ஜெனிட்டா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்வாள்.

"அண்ணே, நான் எந்திரிச்சுப் போயிரட்டுமா?"

"அதெப்படி? கர்சீப் போட்டது நீங்க. உங்க ஸ்டாப் வந்தாத்தான்," என்றார் காவலர்.

ராஜா லேசாகக் குனிந்தார்.

"தம்பி எங்க இறங்குவீங்க?"

"வெட்டூர்ணிமடம்."

"ரொம்ப தூரம்," என்று ராஜா பெருமூச்சு விட்டார். காவலர் இரண்டு விசில் கொடுத்தார். அரண்மனை புறப்பட்டது. வளைவுகளில் அந்தப்புரம் சற்றே சாய்ந்தது, மற்றபடி சௌகரியமான பயணம்.

மறுநாள் பத்தேகாலுக்கு அரண்மனை வெட்டூர்ணிமடம் சர்ச் வாசலில் நின்றது. மிக்கேல் கர்சீப்பை எடுத்துக்கொண்டு அவசரமாக எழுந்தான். ராஜா அங்கவஸ்திரத்தை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார்.

அப்போது ஜன்னல் வழியாக ஒரு வெள்ளை முக்காடு பறந்து வந்து சிம்மாசனத்தில் விழுந்தது. ஜெனிட்டாவும் அதே பஸ்ஸில்தான் காலேஜ் போனவள். பின்னாலேயே பட்டுச்சேலை கசங்க ஏறிவந்து உட்கார்ந்தாள்.

"ஜெனி, இறங்கு. ஃபாதர் காத்துட்டிருப்பாரு," என்றான் மிக்கேல்.

"ஒன்ன நம்பி ரெண்டு வாட்டி நின்னாச்சு. இனி நான் உக்காந்துதான் வருவேன். ஃபாதர ஏறச் சொல்லு."

ஃபாதர் பின்வாசல் வழியாக ஏறிக்கொண்டார். மிக்கேலுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. ராஜா கொஞ்சம் நகர்ந்து தூணில் இடம் கொடுத்தார். பிறகு ஜெனிட்டாவிடம் மரியாதையாகக் கேட்டார்.

"எங்கம்மா இறங்குவீங்க?"

"கடைசி ஸ்டாப்."

காவலர் இரண்டு விசில் கொடுத்தார்.