கரடிக்குக் கைத்துணை

கரடியின் தலைக்குள் போய்விட்டால் வெளியுலகம் ஒரு வாயளவுதான். கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடிக் குண்டுகள். உள்ளே இருப்பவர் பார்ப்பதெல்லாம் பல்வரிசைக்குப் பின்னால் தைத்திருக்கும் கறுப்பு வலை வழியாகத்தான். எதிரே வருகிறவர்களின் தோளும் தொப்பியும் தெரியும். காலடியில் நிற்கும் குழந்தை தெரியாது. படிக்கட்டு தெரியவே தெரியாது. அதனால் ஒவ்வொரு கரடிக்கும் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க ஓர் ஆள் வேண்டும். கோடை விழாவின் உடைக்கூடாரத்தில் அந்த ஆளுக்குக் கைத்துணை என்று பெயர்.

தம்பி கரடி, அக்கா கைத்துணை. இருவரையும் சேர்த்துத்தான் வேலைக்கு எடுத்திருந்தார்கள். கூடாரத்தில் எல்லோருமே அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர், எப்போதும் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டிருக்கும் மேற்பார்வையாளர், அவரும் அப்படித்தான் கூப்பிட்டார். தலையைக் கழற்றிய போதெல்லாம் தம்பி "அக்கா, அக்கா" என்று அலறியதைக் கேட்டுக் கேட்டு எல்லோர் நாக்கிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

சின்ன வயதில் தம்பிக்கு வீட்டில் வைத்த பேர் ரேடியோ. வாய் ஓயாது. கல்யாணம் முறிந்து ஒரே ஒரு பெட்டியோடு அக்கா வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்த பிறகு அந்த ரேடியோ நின்றுபோனது. சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் சாப்பிடுவான். கேட்டால் "ம்" என்பான். மற்ற நேரமெல்லாம் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். விழாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவனை விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு வந்தது அக்காதான்.

வேடிக்கையைப் பாருங்கள். தலையை மாட்டினால் வாயைத் திறக்கக்கூடாது என்பது அந்தக் கூடாரத்தின் சட்டம். அப்படிப்பட்ட இடத்துக்குப் போனபிறகுதான் அவனுக்குப் பேச்சு திரும்பி வந்தது. ஏரிக்கரை மைதானத்தில் பகலெல்லாம் ஊமைக் கரடியாக ஆடிவிட்டு, வீடு திரும்பும் பேருந்தில் மூச்சு விடாமல் பேசுவான்.

"ஒரு வாண்டு என் வயித்துல முகத்தைப் புதைச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குதுக்கா. அவங்கம்மா அதை இழுக்கிறாங்க, அது என்னை இழுக்குது. நடுவுல என் தையலே பிரிஞ்சிடும் போல இருந்தது."

"பிரிஞ்சா என்னடா? உள்ள இருக்கிறதும் பஞ்சு மூட்டைதானே" என்பாள் அவள். முன்சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவன் சிரிப்பான்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை அவள் பொய் சொன்னாள். அன்று உடையைக் கழற்றியதும் தம்பி பெஞ்சிலிருந்து அப்படியே சரிந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வியர்வை ஒரு துளிகூட இல்லை. முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியபோது முதலில் வந்த வார்த்தையே, "அக்கா, சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடாதே" என்பதுதான். "சொன்னா இன்னிக்கே நிறுத்திடுவாங்க. மறுபடியும் அந்த ரூம்ல உக்காந்து ஃபேனை எண்ணச் சொல்றியா?"

மேற்பார்வையாளர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். "என்னக்கா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. கால் இடறிடுச்சு."

இந்த ஞாயிறு வெயில் அதைவிட மோசம். ராட்டினத்தின் இரும்புக் கம்பியைத் தொட்டால் கை சுட்டது. பஞ்சுமிட்டாய் விற்கிறவர் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். ஆனால் கூட்டம் குறையவில்லை. மூன்று மேடைகளிலும் மேளமும் பாட்டும் ஒன்றையொன்று அடக்கப் பார்த்தன. கழுத்தில் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு அப்பாமார்கள் வந்தபடி இருந்தார்கள். காலை ஆட்டம் முடிந்து கூடாரத்துக்குள் வந்த தம்பி தண்ணீரைப் பாதி குடித்து, பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். விரல் நடுங்குவதை அக்கா பார்த்தாள். அவன் பார்க்கக்கூடாது என்று கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டதையும் பார்த்தாள்.

இன்றைக்குச் சாயங்காலம் எப்படியும் சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தாள். அதுவரை தாங்க வேண்டுமே. உடைக்குள் மார்பில் வைத்துக் கட்டும் பனிக்கட்டிப் பொட்டலத்தை மாற்றிக் கொண்டுவர வெளியே இருந்த குளிர்பெட்டிக்குப் போனாள். அங்கே வரிசை. திரும்பி வந்தபோது கரடி தலையை மாட்டிக்கொண்டு கூடார வாசல் திரையருகே நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ள என்னடா அவசரம்? ஐஸ் வேண்டாமா?" என்றாள். கரடி தலையை ஆட்டியது. வேண்டும் என்கிறானா, வேண்டாம் என்கிறானா? வெளியே பிள்ளைகள் "கரடி, கரடி" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பொட்டலத்தைக் கழுத்து மடிப்பு வழியாக உள்ளே திணித்துவிட்டு, நீட்டிய கையைப் பிடித்தாள். இருவரும் ராட்டினத்தை நோக்கி நடந்தார்கள்.

நடக்கிறபோது கரடியின் காதோரம் பேசிக்கொண்டே போவது அவள் வழக்கம். "படி வருது, இறங்கு. வலது பக்கம் ஒரு குட்டிப் பாப்பா." பதிலுக்கு அவன் கையை அழுத்துவான். ஒரு அழுத்து என்றால் சரி. இரண்டு என்றால் தண்ணீர். அழுத்திப் பிடித்து விடாமலே இருந்தால் என்னை வெளியே கொண்டுபோ என்று அர்த்தம். துணை கை எட்டாத தூரத்தில் இருந்தால், அதையே சொல்ல இரண்டு கைகளையும் தலைமேல் வைக்க வேண்டும். எல்லாக் கரடிகளுக்கும் இதே பாஷைதான்.

எல்லாக் கரடிகளுக்கும் என்று அங்கே வாய்விட்டுச் சொல்லக்கூடாது. உண்மையில் கரடி இரண்டு. ஒரே அச்சு, ஒரே உயரம். ஆனால் பிள்ளைகளைப் பொறுத்தவரை கரடி ஒன்றுதான். ஒன்று ராட்டினத்துப் பக்கம் இருந்தால் மற்றது நீரூற்றுப் பக்கம் இருக்க வேண்டும். இரண்டும் ஒரு பார்வையில் படவே கூடாது. அன்று இரண்டாவது கரடிக்குப் புதிதாக ஆள் வரப்போவதாக மேற்பார்வையாளர் காலையில் சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. மனதில் பதியவில்லை.

ராட்டினத்து வரிசையில் கரடி பிள்ளைகளோடு கைகுலுக்கியது, தட்டாமாலை சுற்றியது. நடுவே ஓய்வு கிடைத்தபோது அக்கா காதருகே குனிந்தாள்.

"இங்க பாருடா. போன வாரம் நீ மயங்கி விழுந்ததை நான்தான் மறைச்சேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கலை. சாயங்காலம் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். நீ டாக்டரைப் போய்ப் பாரு. அப்புறம் வேற ஏதாவது யோசிக்கலாம். மாடியறையில உன்னை மறுபடியும் முடங்க விடமாட்டேன், அது என் பொறுப்பு. சொல்லிடட்டுமா?"

கரடி பெரிதாகத் தலையை ஆட்டியது.

அக்காவுக்கு நெஞ்சிலிருந்து கல் இறங்கியது. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. "சமர்த்து" என்று அந்தப் பஞ்சுத் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

அப்போது ராட்டினத்தின் உச்சித் தொட்டிலிலிருந்து ஒரு பிள்ளை கூப்பிட்டது. கரடி அண்ணாந்து கையசைத்தது. வலது கையால்.

தம்பி இடதுகைக்காரன். சாப்பிடுவதைத் தவிர எல்லாமே இடதுதான். கையசைப்பதற்கு அவன் வலதைத் தூக்கி அவள் பார்த்ததே இல்லை.

"ஏன்டா, இடது கை வலிக்குதா?"

கரடி தலையை ஆட்டியது.

"நெஞ்சும் வலிக்குதா?"

அதற்கும் தலையை ஆட்டியது.

அக்கா வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு, கரடியைத் தரதரவென்று ஜெனரேட்டர் நிற்கும் தட்டிமறைவுக்கு இழுத்துப் போனாள். கழுத்துக் கொக்கிகளை அவிழ்த்துத் தலையைத் தூக்கினாள்.

உள்ளே ஒரு பெண். இருபதைத் தாண்டிய வயது, நெற்றியில் ஒட்டிய முடி, பயந்த கண்கள்.

"நான் உங்க தம்பி இல்லக்கா" என்றாள் அந்தப் பெண், அழுகிற குரலில்.

"பாவி! இவ்வளவு நேரம் ஏன் சொல்லலை?"

"தலை போட்டா பேசக்கூடாதுன்னு சொன்னாங்களே. யாரு என்ன கேட்டாலும் தலையாட்டுன்னாங்க. துணை திரைகிட்ட வருவாங்க, கையை நீட்டுன்னாங்க. நீங்க வந்து பிடிச்சீங்க. நீங்கதான் என் துணைன்னு நெனச்சேன்."

"அவன் எங்கே?"

"உள்ள தலையை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தார்க்கா. அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது."

அக்கா தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். எந்தப் பக்கம் ஓடுவது? கூடாரத்தில் இருப்பானா? துணை இல்லாமல் வெளியே போகக்கூடாது என்பது சட்டம்தான். ஆனால் திரைக்கு அந்தப்புறம் பிள்ளைகள் கூப்பிடும்போது அவன் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பான் என்பது அவளுக்குத் தெரியாதா? சுற்றிலும் தொப்பிகள், குடைகள், பலூன்கள். இந்தச் சமுத்திரத்தில் எங்கே போய்த் தேடுவது?

ராட்டினத்து மேடைப் படியில் ஏறிப் பார்த்தாள். தூரத்தில் நீரூற்றைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம். நாற்பது ஐம்பது பேர் இருக்கும். எல்லோரும் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு, இடுப்பை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரியவர்கள் சிலரும் அப்படியே ஆடினார்கள். யாரோ தாளத்துக்குக் கைதட்டினார்கள்.

புது ஆட்டம் என்று நினைத்துவிட்டார்கள்.

அக்கா தலைதெறிக்க ஓடினாள். யார் மேல் மோதினாள், யார் திட்டினார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. "விடுங்க, விடுங்க" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. அவள் போய்ச் சேர்வதற்குள் கரடி முழங்காலிட்டிருந்தது. பிள்ளைகளும் முழங்காலிட்டார்கள். கரடி பக்கவாட்டில் சாய்ந்தது. "தூங்குது, கரடி தூங்குது" என்று ஒரு சிறுமி அதன் வயிற்றைத் தட்டிக் கொடுத்தாள்.

பிள்ளைகள் முன்னால் தலையைக் கழற்றக்கூடாது. அந்தக் கூடாரத்தின் முதல் சட்டமும் கடைசிச் சட்டமும் அதுதான். அக்கா ஒரே இழுப்பில் கொக்கிகளைப் பிய்த்தாள்.

பாட்டு அந்தப்பக்கம் ஓடிக்கொண்டிருக்க, இந்தப்பக்கம் திடீரென்று சத்தம் அடங்கியது. கரடியின் கழுத்துக்கு மேலே ஒரு மனிதனின் வெளுத்த முகம். ஒரு குழந்தை வீறிட்டது. தட்டிக்கொடுத்த சிறுமி மட்டும் கையை எடுக்காமல், "உள்ள ஒரு மாமா இருக்காரு" என்று மெதுவாகச் சொன்னாள்.

"தண்ணி! யாராவது தண்ணி கொடுங்க!" யாரோ நீரூற்றிலிருந்து தொப்பியில் அள்ளி ஊற்றினார்கள். அக்கா உடையின் முதுகு ஜிப்பைத் திறந்து அவனை வெளியே உருவினாள். உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. கொஞ்ச நேரத்தில் கண் திறந்தது.

"ராட்டினத்துப் பக்கம் கரடி நின்னுச்சுக்கா" என்றான். நாக்கு குழறியது. "ரெண்டும் ஒண்ணா தெரியக்கூடாதில்ல. அதான் இந்தப் பக்கம் வந்தேன்."

"பேசாதே. பேசாம இருடா."

விசில் ஊதிக்கொண்டே மேற்பார்வையாளர் வந்தார். பின்னாலேயே அந்தப் பெண், கரடி உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நனைந்த பனியனோடு ஓடிவந்தாள். அழுகிற பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் முதலில் கோபத்தோடுதான் வாயைத் திறந்தார். "என்னக்கா இது, எல்லார் எதிரேயும்..." தம்பியின் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. குனிந்து நாடியைத் தொட்டார். ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். பிறகு கேட்டார்: "இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா? டாக்டர் கேப்பாங்க. உண்மையைச் சொல்லுங்க."

அக்காவின் கையைத் தம்பி பிடித்திருந்தான். ஒருமுறை அழுத்தினான். விட்டுவிட்டு மறுபடி அழுத்தினான். தண்ணீர் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவன் கண்கள் அவள் கண்களை விட்டு அகலவில்லை. தலை, தரையில் கிடந்தபடியே, இப்படியும் அப்படியும் மெல்ல அசைந்தது. வேண்டாம்.

எதிரே அந்தப் பெண் நின்றிருந்தாள். ராட்டினத்தருகே அக்கா சொன்னதை எல்லாம் கேட்டவள். தரையைப் பார்த்தாள்.

"வந்திருக்கு" என்றாள் அக்கா. "போன ஞாயித்துக்கிழமை. கால் இடறலைங்க. மயங்கித்தான் விழுந்தான். நான்தான் மறைச்சேன்."

மேற்பார்வையாளர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

தம்பி தன் கையை உருவிக்கொண்டான். உருவினான் என்றுகூடச் சொல்ல முடியாது, அதற்கான பலம் அவனிடம் இல்லை. விரல்கள் தளர்ந்து வழுக்கி விலகின.

ஆம்புலன்ஸில் ஏற்றி, மார்பிலும் அக்குளிலும் பனிக்கட்டி வைத்துக் கட்டினார்கள். பிழைத்துக்கொள்வார், நல்ல நேரத்தில் தலையை எடுத்தீர்கள் என்று உள்ளே இருந்த செவிலியர் சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள். தம்பி முகத்தை வண்டியின் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தான். அவள் தன் கையை அவன் உள்ளங்கைக்குள் வைத்தாள். ஒரு அழுத்து இல்லை, இரண்டு இல்லை. அந்தக் கை சும்மா கிடந்தது. இருந்தாலும் அவள் எடுக்கவில்லை.

"டேய் ரேடியோ" என்றாள். "திட்டவாவது செய்டா."

அவன் திரும்பவில்லை.

கூட்டத்துக்குள் வண்டி ஊர்ந்துதான் போக முடிந்தது. பின்கண்ணாடி வழியாக நீரூற்று தெரிந்தது. அதற்குள் இன்னொரு மேடையில் மேளம் ஆரம்பித்திருந்தது. நடந்தது எதுவும் தெரியாத புதுப் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். யாரோ ஒருவன் சொல்லிக்கொடுக்க, எல்லோரும் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு, குதித்துக் குதித்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.