உப்பல் டப்பா

பரணிலிருந்து டப்பாவை இறக்கியது பெருமாள்தான். கல்பகத்தின் அண்ணன், லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். காலை ஷிஃப்டிலிருந்து காக்கிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். தங்கைக்கு எடுத்து வந்த பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல கனம்," என்றார், யாரிடமும் இல்லாமல்.

கல்பகத்தின் புருஷன் சக்ரபாணி சமையலறை வாசற்படியில் நின்றிருந்தான். முன்னறையில் கல்பகம் படுத்திருந்தாள். நாலு நாள் காய்ச்சல். மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். விடிகாலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். யாரோ தலை வாரிப் பூ வைத்திருந்தார்கள். வகிடு கோணல். அவள் எப்போதும் நேராக எடுப்பாள்.

"மாப்ள, விறகு டிப்போக்காரன் ரொக்கமா குடுத்தாத்தான் வண்டிய ஏத்துவேன்றான். சுடுகாட்டுக் கூலி, பாடை, எல்லாம் சேத்து நூத்தி எண்பது ஆவும். என்கிட்ட நாப்பது இருக்குது. இன்னிக்குத் தேதி இருபத்தெட்டு. ஊர்ல எவன்கிட்டயும் துட்டு இருக்காது."

"ஃபேக்டரில யார்கிட்டயாவது கேட்டு வாங்கறேன், மச்சான்."

"கடனா?" பெருமாள் முன்னறைப் பக்கம் கையைக் காட்டினார். "கடன் வாங்கின விறகுன்னு தெரிஞ்சா எழுந்து உக்காந்துடுவா அவ."

அங்கே உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவ சேத்த துட்டு. அவளுக்கே ஆவட்டும். டப்பாவ வெட்டிடலாம்."

"வேணாம்."

"ஏன்?"

பக்கத்துப் போர்ஷன் ஜுலைகா அடுப்பில் காப்பித் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். ஆம்பூர்க்காரி, தெருவுக்கே ரவிக்கை தைப்பவள். திரும்பிச் சக்ரபாணியை ஒரு முறை பார்த்தாள்.

"அவ கையால போட்டதாச்சே. மனசு வராதுதான்," என்றாள் முன்னறையில் ஒருத்தி.

அது இல்லை காரணம்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அது மகள் வேதாவின் பால்பவுடர் டப்பா. அதற்கு முன் கல்பகம் அரிசி டிரம்முக்குள் பணம் வைத்திருந்தாள். அதிலிருந்து எடுத்துச் சக்ரபாணி ஒரு சிநேகிதனுக்குக் கொடுத்தான். சிநேகிதன் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. காலி டப்பாவை அவன் முன்னால் வைத்தாள்.

"ஃபேக்டரில ஒட்டறீங்களே, அந்த மாதிரி இத ஒட்டுங்க. உங்களாலயும் தொறக்க முடியக்கூடாது, என்னாலயும் தொறக்க முடியக்கூடாது."

அவன் பி.எஸ்ஸி. படித்தவன். எலெக்ட்ரானிக் சாமான் செய்யும் அரசாங்கத் தொழிற்சாலையில், பெண்கள் வைத்த ஈயப் பற்றுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, சரி அல்லது தப்பு என்று சொல்வது அவன் வேலை. சால்டரிங் அயர்னை இரவல் வாங்கி வந்து மூடியைச் சுற்றி ஒட்டினான். நடுவில் ஒரு கீறல் வெட்டினான். அவள் டப்பாவைத் தலைகீழாக ஆட்டிப் பார்த்துவிட்டுப் பரணில் வைத்தாள். தொழிற்சாலை ஊழியர் சங்கம் ஊருக்கு வெளியே உப்பலில் மனை போடப் போகிறது என்ற பேச்சு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. இருநூறு கஜம். முதல் தவணை எழுநூற்றைம்பது. அதனால் அது உப்பல் டப்பா ஆயிற்று.

கல்பகம் மல்லாபூரிலிருந்து நாச்சாரம் கடைத்தெரு வரை பஸ் ஏறாமல் நடந்தே போய் வருவாள், கைக்குழந்தை ராஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேதாவைக் கையில் பிடித்துக்கொண்டு. வீட்டுக்கு வந்ததும் டப்பாவை இறக்கி, "டிக்கெட், டிக்கெட்" என்று கண்டக்டர் மாதிரி கையை நீட்டுவாள். வேதா மிச்சமான பஸ் சார்ஜைக் கீறலில் போடும். "இறங்கு, ஸ்டாப்பிங் வந்துடுச்சு" என்பாள்.

போன வருஷம் பிப்ரவரியில், அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, சக்ரபாணி தொழிற்சாலை ட்வீசரைக் கீறலில் விட்டு ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றை வெளியே இழுத்தான். லாட்டரிச் சீட்டு ஐந்து வாங்கினான். முதல் பரிசு விழுந்தால் மனை என்ன, வீடே கட்டிவிடலாம். அவளிடம் சாவியைக் கொடுக்கலாம். விழவில்லை. மறுபடி எடுத்தான். எடுத்த ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு பித்தளை வாஷர் உள்ளே போட்டான். ஆட்டினால் உள்ளே குறைந்தது தெரியாது. தவிர, திருப்பி வைக்கும்போது எத்தனை என்று தெரிய வேண்டுமே.

இதுவரை பதினொன்று. கடைசி வாஷரைப் போட்டது போன சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல்.

இப்போது டப்பாவைத் திறந்தால் இத்தனை பேருக்கு முன்னால், அவள் அண்ணன் கையில், அவள் படுத்திருக்கும் வீட்டில், பதினொரு வாஷர் விழும்.

"உளி வெச்சா நோட்டு கிழிஞ்சுடும்," என்று சொல்லிக்கொண்டே பெருமாள் டப்பாவைக் கவிழ்த்தார். கவிழ்த்தவர் நின்றார். "மாப்ள, இது உன் கை இல்லியே?"

சக்ரபாணி குனிந்து பார்த்தான். டப்பாவின் அடித்தகட்டைச் சுற்றி ஈயம். மேடும் பள்ளமுமாக, ஒன்றின் மேல் ஒன்றாக, பல தடவை உருக்கி உருக்கி ஒட்டியது. அவன் ஒட்டியது மேல்மூடி மட்டும்தான். டப்பாவின் அடியை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அத வெட்ட வேணாண்ணே," என்றாள் ஜுலைகா. காப்பியை இறக்கி வைத்தாள். "ரஹீம் பாய் முனையிலதான் பக்கெட் ஒட்டிக்கிட்டு இருக்காரு. அவர் தொறப்பாரு. வேதா, போய்க் கூட்டியா கண்ணு."

அப்துல் ரஹீம் கரி அடுப்போடு வந்தார். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், ஓட்டை அடைக்கிறவர். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து, உள்ளே பார்த்து, குல்லாயைச் சரிசெய்துகொண்டார். பெருமாளின் உளியைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"காட்டோ நக்கோ பாய். நீச்சேஸே குல்தா." வெட்ட வேண்டாம், அடியிலேயே திறக்கும் என்று டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார்.

கொல்லையில் துவைக்கிற கல் பக்கத்தில் உட்கார்ந்தார். இரும்பைக் காய்ச்சி அடிவிளிம்பைச் சுற்றி ஓட்டினார். கை பழகிய இடம் போல அது போயிற்று. ஈயம் கண்ணீர்போல அல்ல, பழைய நெய்போலக் கலங்கி இளகியது. பெருமாள் செய்தித்தாளை விரித்தார். நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள்.

ராஜா தவழ்ந்து வந்து சக்ரபாணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அரைஞாண் கயிற்றில் கோத்திருந்தது கலகலத்தது. ஒரு வயசு நிறைந்ததிலிருந்து அந்தச் சத்தம். வெள்ளி மணி வாங்கக் காசு எதற்கு, புள்ள எங்க போறான்னு தெரிஞ்சா சரி, என்று கல்பகம் கட்டிவிட்டது. வாஷர்கள். முதல் தடவை பார்த்தபோது அவனுக்குத் திக்கென்றது. "உங்க பேன்ட் பாக்கெட்ல கெடந்துச்சு. துவைக்கும்போது எடுத்தேன்," என்றாள். இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அப்புறம் அதை நினைக்கவில்லை.

அடித்தகடு கையோடு வந்தது. ரஹீம் டப்பாவைத் தாளின் மேல் சாய்த்தார்.

சில்லறை கொட்டியது. பிறகு நோட்டுகள். ஒன்று, இரண்டு, ஐந்து. ஐந்து ரூபாய் நோட்டுகள் நிறைய. பெருமாள் உட்கார்ந்து எண்ணினார். சக்ரபாணி மஞ்சள் நிறத்தை மட்டும் தேடினான்.

ஒரே ஒரு வாஷர்.

"அறுநூத்திப் பன்னண்டு," என்றார் பெருமாள். "எங்கம்மா கூட இப்படிச் சேத்ததில்ல." அப்புறம் வாஷரைப் பொறுக்கினார். "இது என்னா இதுல?"

சக்ரபாணி வாயைத் திறந்தான். அதற்குள் வேதா குனிந்து அவர் கையிலிருந்து அதை எடுத்துக்கொண்டது. அதற்கு ஐந்து வயசு. வீட்டில் தமிழில் கேட்டால் தெருத் தெலுங்கில் பதில் சொல்லும்.

"இதி தம்முடிதி," என்றது. பெருமாள் விழித்ததைப் பார்த்து, "தம்பியோடது, மாமா," என்றது பொறுமையாக.

"சரி, வெச்சுக்க."

அவர் நூற்று நாற்பது எடுத்துக்கொண்டார். தன் நாற்பதோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துப் பித்தான் போட்டார். டிப்போவுக்குக் கிளம்பினார். மற்றவர்களும் முன்பக்கம் போனார்கள்.

ரஹீம் மீதிப் பணத்தை டப்பாவுக்குள் போட்டு, தகட்டைப் பொருத்தி, மறுபடி ஒட்ட ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் செய்வது அதுதான் போல.

ஜுலைகா காப்பியை அவன் கையில் கொடுத்தாள்.

"கல்பகம் ஒருநாள் டப்பாவ ஆட்டிப் பாத்தா. சத்தம் சரியில்லக்கான்னா. பாயக் கூப்பிட்டு அடியில தொறந்தா. ரெண்டு வாஷர் இருந்திச்சு. துட்ட எண்ணினா பத்து ரூபா கொறஞ்சிச்சு. அழுவப் போறான்னு நெனச்சேண்ணே. சிரிச்சா. 'நோட்டுக்கு ஒண்ணு போட்டு வெச்சிருக்காரு பாருக்கா, எம் புருசன் யோக்கியன்'னா."

சக்ரபாணி காப்பியைக் குடித்தான். சுட்டது.

"அன்னிலருந்து என் ரவிக்கைங்களுக்கு ஹூக் வெக்கறது அவதான். டஜன் ரவிக்கைக்கு ஒண்ணரை ரூபா. அஞ்சு ரூபா சேந்ததும் பாய் வருவாரு. நோட்ட வெச்சுட்டு வாஷர எடுத்துக்குவா. பாய்க்கு நாலணா. அதுக்கும் பேரம் பேசுவா. மாசா மாசம் வர்ற கிராக்கி, மூணணா போதாதான்னு கேப்பா."

"என்கிட்ட கேக்கவே இல்ல."

"துவைக்கும்போது பாக்கெட்ல லாட்டரிச் சீட்டயும் பாத்திருக்கா. நானும் அதான் சொன்னேன். கேளுடீன்னேன். கேட்டா வெக்கப்பட்டுச் சீட்டு வாங்கறத நிறுத்திடுவாருக்கான்னா." ஜுலைகா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "'நிறுத்தற வாரந்தான் பரிசு விழணும்னு இருந்தா? வுழுந்துச்சுன்னா உப்பல்ல மாடி போட்டுடலாம், மாடில நீ மிஷின் போட்டுக்க'ன்னா. எனக்கு வாடகைகூடச் சொல்லிட்டா. இருபது ரூபா."

ரஹீம் டப்பாவை ஈரத்துணியால் துடைத்து நிமிர்த்தி வைத்தார். சக்ரபாணி சட்டைப்பையில் கையை விட்டு ஒரு நாலணாவை எடுத்து நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார். அதைக் கீறலில் போட்டார். அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனார்.

பதினோரு மணிக்கு விறகு வண்டி சுடுகாட்டுக்குப் போய்விட்டது என்று பெருமாள் வந்து சொன்னார். கோடியைப் போர்த்தினார்கள். தூக்குவதற்கு முன் சக்ரபாணி ஒரு நிமிஷம் என்றான். மண்டியிட்டு, சீப்பை வாங்கி, அவள் வகிட்டைச் சரிசெய்தான். அவ்வளவுதான் அவனுக்குச் செய்யத் தோன்றியது.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது மணி மூன்று. கொல்லையிலேயே குளித்தான். வீடு கழுவி விட்டிருந்தது. அவள் படுத்திருந்த இடத்தில் ஒரு விளக்கு. பெருமாள் ஈர வேட்டியோடு சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்.

வேதா உள்ளங்கையை விரித்தது. வியர்வையில் வாஷர் பளபளத்தது. காலையிலிருந்து பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"அம்மாதான் கட்டும். இப்ப நீ கட்டு."

ராஜாவைத் தூக்கி மடியில் படுக்கவைத்தான். அரைஞாண் முடிச்சு இறுக்கமாக இருந்தது. நகத்துக்குப் பிடிபடவில்லை. ஆணியில் தொங்கிய பேன்ட்டிலிருந்து ட்வீசரை எடுத்து வந்தான். அதன் நுனியை முடிச்சுக்குள் விட்டு மெதுவாக இளக்கினான். ராஜா அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கடித்தது. எண்ணினான். பத்து. பதினொன்றாவதைக் கோத்தான். முடிச்சுப் போட்டான். வேதா குனிந்து இழுத்துப் பார்த்தது.

"கெட்டி," என்றது.

ராஜாவைக் கீழே விட்டான். விளக்கைச் சுற்றிக்கொண்டு சத்தம் சமையலறைப் பக்கம் போயிற்று. அடுப்படி வரை போய், அங்கே நின்றது.