பதினோரு சாக்கு மரத்தூள்

பரமசிவத்துக்குக் கடல் தாண்டிய அந்தத் தீவில், ஷாதிபூரில் கிடைத்தது வீடு இல்லை, பாதி வீடு. ஒரே மர வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி, இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம் என்று அரசாங்கம் குடிவைத்திருந்தது. அந்தப் பலகையும் கூரைவரை போகாது. காற்றோட்டத்துக்காம், மேலே இரண்டு முழம் இடைவெளி. காற்று வந்ததோ இல்லையோ, பேச்சு வந்தது, தும்மல் வந்தது, கருவாடு வறுக்கிற வாசமும் வந்தது.

அந்தப் பக்கத்துக்காரர் ஜெகநாதன், தாத்தா காலத்திலிருந்தே தீவுக்காரர். படகுப் பட்டறையில் இருபது வருஷம் இரும்புத் தகட்டில் சம்மட்டி அடித்ததில் காது மந்தம். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று மனைவி சுசீலா கத்துவாள். தான் பேசுவது தனக்கே கேட்கவில்லையே என்று அவரும் கத்துவார். "குழம்புக்கு உப்பு போதுமா?" என்று அவள் கேட்டால், தெருவில் போகிறவன் "போதும்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். போதாததற்கு ஒரு கால்மிஷின். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் சட்டை தைத்தாள். விடிந்தால் கடகடகட, அடைந்தால் கடகடகட.

பரமசிவம் சகித்துக்கொண்டுதான் இருந்தார். பிரசவத்துக்குக் கோவில்பட்டி போயிருந்த மனைவி மங்கையர்க்கரசியிடமிருந்து அந்தக் கடிதம் வரும்வரை.

"அலமுவைத் தூக்கிக்கொண்டு இந்த மாதக் கப்பலில் வருகிறேன். கரண்டி விழுந்தாலும் பிள்ளைக்குத் தூக்கிப்போடுகிறது. பக்கத்து வீட்டுக் கடகடப்பில் இவள் எப்படித் தூங்குவாள்? தூங்காவிட்டால் அடுத்த கப்பலிலேயே திரும்பிவிடுவேன். இது சத்தியம்."

மங்கை சத்தியம் என்று எழுதினால் அது சத்தியம்தான். பிள்ளைக்கு ஐந்து மாதம். பரமசிவம் இன்னும் முகம் பார்க்கவில்லை. ஒரு போட்டோ வந்தது. அதிலும் பிள்ளை அசைந்துவிட்டதில் இரண்டு மூக்கு. முகம் பார்க்கும் முன்னே திரும்பிப் போய்விடுமோ என்று மனிதர் ஆடிப்போய்விட்டார்.

அவருக்கு வன இலாகாவில் குமாஸ்தா வேலை. அங்கே மரத்தூளுக்குப் பஞ்சமா? பதினோரு சாக்கில் கெட்டியாக அடைத்து வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். உள் அறைப் பலகையோடு சாக்குகளைச் சேர்த்து அடிக்க வேண்டும். முதல் ஆணியை அடித்தார், கட்டைவிரலில் பட்டது. அவர் போட்ட கூச்சலைக் கேட்டு ஜெகநாதனே சம்மட்டியோடு வந்துவிட்டார்.

"க்யா பாய், என்ன பண்றீங்க?"

உங்கள் வாயை அடைக்கிறேன் என்றா சொல்வது? "குளிருக்கு!" என்று கத்தினார் பரமசிவம்.

"குளிரா? இங்கயா?" கேட்டவர் முதுகில் வேர்வை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. "சரி, அது உங்க உடம்பு. நகருங்க பாய், இது குமாஸ்தா கை."

தன் சத்தம் போகாமலிருக்கத் தானே ஆணி அடித்த மனிதர் அந்தத் தீவில் அவர் ஒருவர்தான். அடியும் அரைகுறை இல்லை, கப்பலுக்கு அடிக்கிற அடி. மேல் இடைவெளியையும் இரண்டு சாக்கால் அவரே திணித்து மூடினார். வாசலில் நின்று பார்த்த சுசீலாவுக்கு எல்லாம் புரிந்தது. அவள் விருட்டென்று உள்ளே போனாள். அன்றிலிருந்து மிஷின் சத்தமும் கேட்கவில்லை. சாக்குதான் காரணம் என்று பரமசிவம் மெத்தப் பெருமைப்பட்டுக்கொண்டார், பாவம்.

கப்பல் எந்த நாள் வரும் என்பது அந்தக் காலத்தில் கப்பலுக்கே தெரியாது. துறைமுகத்தில் சங்கு ஊதும், ஊரே ஜெட்டிப் பாலத்துக்கு ஓடும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பரமசிவம் குளித்து, சலவைச் சட்டை போட்டு, சங்குக்காகக் காத்திருந்தார். அறை எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் படுத்துப் பார்ப்போமே என்று வாசலைத் தாழிட்டு, உள்ளே போய் அறைக் கதவையும் சாத்தினார். ஆகா! கிணற்றுக்குள் இறங்கின மாதிரி அமைதி. ஒரு வருஷத் தூக்கம் மொத்தமாக வந்து அமுக்கியது.

சங்கு ஊதியது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. காது மந்தமான ஜெகநாதனுக்கே கேட்டது. கதவைத் தட்டிப் பார்த்தார். பதில் இல்லை. "முன்னாடியே போய்ட்டான் போல" என்று தானும் ஜெட்டிக்குப் போனால், அங்கே தகரப் பெட்டிமேல் மங்கை உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பிள்ளை, பக்கத்தில் புருஷன் இல்லை.

கூட்டிக்கொண்டு வந்தார். இப்போது இரண்டு பேருமாகக் கதவைத் தட்டினார்கள். ம்ஹூம். ஜெகநாதன் தன் பக்கம் போய் முக்காலிமேல் ஏறி, துடுப்புக் கட்டையால் மேல் சாக்கை ஒரே குத்து.

பரமசிவம் கண் விழித்தபோது வாய் நிறைய மரத்தூள். தலைக்கு மேலே சுவரில் ஜெகநாதனின் தலை. "அரே, ஜஹாஸ் வந்தாச்சு, கப்பல் வந்து ரெண்டு மணி நேரமாச்சு!"

ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். முதல்முதலாக அப்பனைப் பார்த்த அலமு, புருவமெல்லாம் தூளாக நின்ற அந்த உருவத்தைக் கண்டு வீரிட்டாள்.

"நல்லா இருக்கு. கப்பலே வந்து கத்துது, நீங்க காது கேக்காம தூங்குதீய!" என்றாள் மங்கை.

"உனக்காகத்தான் மங்கை... பிள்ளை தூங்கணும்னு..."

பிள்ளையை அந்த அமைதியான அறையில் கிடத்தினார்கள். கத்தல். தட்டினார்கள், ஆட்டினார்கள். கத்தல். அரை மணி நேரம் ஆயிற்று. மங்கையின் கண் ஓரம் நனைந்தது. "கப்பல்ல நாலு நாளும் எஞ்சின் பக்கத்துல படுக்கை. தடதடன்னு ஒரே ஆட்டம். கல்லு மாதிரி தூங்கினா. எஞ்சின் நின்னதும் முழிச்சவதான். இவ இங்க தூங்க மாட்டா. நான் எழுதினது எழுதினதுதான்."

பரமசிவம் சுவரைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். நேரே பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"அக்கா, கொஞ்சம் மிஷின் ஓட்டுங்களேன்."

சுசீலா நிமிரவே இல்லை. "நீங்க சாக்கு வச்சு அடைச்சதுலேர்ந்து நான் கையாலதான் தைக்கிறேன். பள்ளிக்கூடத்துச் சட்டை பாதி நிக்குது."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பி வந்து சாக்குகளைப் பிடுங்கினார். ஜெகநாதன் அடித்த ஆணி வருமா? ஜெகநாதனேதான் வந்து கழற்ற வேண்டியிருந்தது. பதினோராவது சாக்கு கீழே விழுந்ததும் சுசீலா மிஷினைப் பலகையோடு ஒட்டிப் போட்டு மிதித்தாள்.

கடகடகட.

அலமு ஒரு விக்கல் விக்கினாள். கண் செருகியது. தூங்கிப்போனாள்.

"சோ கயா? தூங்கிட்டுதா?" என்று ஜெகநாதன் கேட்டது ஜெட்டிவரை கேட்டிருக்கும். பிள்ளை அசையவில்லை. மங்கை மெல்லப் பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் பரமசிவத்துக்கு மூச்சு வந்தது.

ஆனால் பாபினில் நூல் தீர்ந்தால் மிஷின் நிற்குமே? நின்றால் அலமுவின் உதடு பிதுங்குமே? அதனால் பிள்ளை வருகிறதென்று போட்டிருந்த ஒரு வார லீவு முழுக்கப் பரமசிவம் சுசீலா வீட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பாபின் பாபினாக நூல் சுற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.