விரல் பிடித்தவர்கள்

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இக்கரையில் இருக்கும் உலு திராமில், பழைய எஸ்டேட் கோயிலை ஒட்டிய பாலர் பள்ளியில், பிள்ளை ஓர் எழுத்தைக் கற்றுக்கொண்ட அன்றே, அதன் விரலைப் பிடித்து எழுத வைத்தவருக்கு அந்த எழுத்து போய்விடும். மறதி வேறு, இது வேறு. மறந்தது தலையைச் சொறிந்தால் திரும்பி வரும். இது வராது. எழுத்து கண்ணெதிரே பெரிதாக அச்சடித்திருக்கும். பார்க்கிறவருக்கு அது கோலத்தில் வழிதவறிப்போன ஒரு சுழி மாதிரி தெரியும், அவ்வளவுதான். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. அதனால்தான் வெளியே தெரிவதற்குள் நிறைய எழுத்துகள் போய்விட்டிருந்தன.

இதற்கெல்லாம் சுகந்தினி டீச்சர்தான் காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது அநியாயம். தம்போயிலிருந்து தினமும் கார் ஓட்டி வரும் அந்த அம்மாள், மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்தவர். பிள்ளை படிக்காவிட்டால் கூரை இடிந்து விழும் என்று நம்புகிற வீடு அது. ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர், பள்ளிக்கூடம் மட்டும் போதாது, வீட்டிலும் பெற்றவர்கள் தினம் பத்து நிமிடமாவது பிள்ளையோடு உட்கார வேண்டும் என்று வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டார். நல்ல யோசனைதான். ஆனால் அந்தத் தாமான் குடியிருப்பில் அப்பாவும் அம்மாவும் இருட்டோடு கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் திரும்பும்போது பிள்ளை அரைத் தூக்கத்தில் இருக்கும். பத்து நிமிடத்துக்கு எங்கே போவது? எனவே டீச்சர் விஜயதசமியைப் பிடித்துக்கொண்டார். வழக்கமாகக் கோயில் ஐயர்தான் பிள்ளைகளை மடியில் வைத்து, தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பார். அரிசியை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சர்க்கரைப் பொங்கல் வைத்துச் சாப்பிட்டால் காரியம் முடிந்தது. அந்த வருடம் டீச்சர், ஐயருக்குப் பதில் பெற்றவர்களே விரலைப் பிடிக்கட்டும் என்றார். அதோடு நிற்காமல், அரிசியைச் சமைக்காமல் பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள், தினம் சாயங்காலம் அதிலேயே ஓர் எழுத்து எழுத வையுங்கள் என்றும் சொல்லிவிட்டார். சாமி முன்னால் வைத்த அரிசியைச் சமைக்காமல் வைத்திருப்பது எங்கும் இல்லாத பழக்கம். யாருக்கும் அது உறைக்கவில்லை. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று டின்னை மூடிக் கொண்டுபோனார்கள்.

முதலில் கண்டுபிடித்தவர், தன் பிள்ளைக்குத் தினமும் விரல் பிடித்துவந்த டாக்சிக்காரர் வீரமுத்து. ரொட்டிச் சானாய் கடையில் தமிழ்ப் பேப்பர் படிக்காமல் அவருக்குப் பொழுது விடியாது. ஒரு காலையில் பேப்பரைத் தூக்கிக் கடைக்காரரின் மேசையில் போட்டார். "என்னாய்யா பேப்பர் விக்கிற, பூச்சி அரிச்ச மாதிரி அங்கங்க ஓட்டையா இருக்கு?" கடைக்காரர் அதே பக்கத்தைத் தடங்கல் இல்லாமல் படித்துக் காட்டினார். வீரமுத்து பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார். ஒரு வாரத்துக்குள் மற்ற வீடுகளிலும் பேச்சு கிளம்பியது. எல்லோரும் திரண்டு ஐயரிடம் போனார்கள். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "எனக்கு 'அ' போயி ரொம்ப வருஷம் ஆச்சும்மா. அதுக்கப்புறம் பிடிக்கிறதெல்லாம் கைப்பழக்கத்துல ஒரு சாங்கியந்தான். நான் அந்த ஒரு எழுத்தோட நிறுத்திக்குவேன், அரிசியும் அன்னைக்கே அடுப்புக்குப் போயிரும். நீங்கதான் டின்னுல வெச்சு எல்லாத்தையும் எழுத வெச்சிட்டீங்க" என்றார். மந்திரமெல்லாம் அவருக்கு மனப்பாடம் என்பதால் இத்தனை காலம் ஒருவருக்கும் தெரியாமல் ஓடியிருக்கிறது.

பயந்து அன்றே அரிசியைப் பொங்கிச் சாப்பிட்ட வீடுகளும் உண்டு. போன எழுத்து திரும்பவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கோ அதற்குமேல் ஓர் எழுத்துகூட ஏறவில்லை. டீச்சர் அட்டையில் காட்டினார், பாட்டாகப் பாடினார், களிமண்ணில் உருட்டித் தந்தார். காலையில் ஏறியது மதியம் வழுக்கிக்கொண்டு போயிற்று. டின் அரிசியில் எழுதிப் பழகிவிட்ட பிள்ளைக்கு இனி அரிசியில்தான் வரும், விரலைப் பிடித்தால்தான் வரும் என்று ஆகிவிட்டது. எழுத்தே தெரியாத ஒரு தகப்பன் தன் மகனின் விரலைப் பிடித்துப் பார்த்தார். இருவரும் அரிசியைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

ஊரே பதறியிருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். தமிழ் எழுத்து போனதற்காக யாரும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைக்கவில்லை. வாட்சப்பில் தமிழைக்கூட ஏபிசியில்தானே தட்டுகிறோம், பே சிலிப்பில் தமிழா இருக்கிறது, பிள்ளைக்குக் கிடைத்தால் சரி என்றார்கள். "தமிழ்தானே லா, போனா போவுது" என்று சிரித்தவர்களை நான் அறிவேன். இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. பொங்கல் கழிந்ததும் பாடத்திட்டப்படி ஏபிசி தொடங்கியது. மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் அதுதான் வாசல், அது இல்லாமல் முதலாம் ஆண்டு வகுப்பில் காலெடுத்து வைக்க முடியாது. அன்றோடு தாமானில் சிரிப்பு நின்றது. சாயங்காலங்களில் வீட்டுக்கு வீடு அரிசி உரசும் சத்தம் மட்டும் கேட்கும். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, யார் வீட்டில் எது வரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்காமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மூலை வீட்டுப் பிரவீனாவுக்குத் தம்போயில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. மாத்திரைப் பெட்டிகளின் மேல் ஒட்டிய லேபிளைப் படித்து, உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்து அனுப்ப வேண்டும். புருஷன் ராஜசேகரன் பாசிர் கூடாங் துறைமுகத்து லாரி ஓட்டுகிறவர். ஏபிசிக்கு மகன் ரூபேந்திரனின் விரலை யார் பிடிப்பது என்று இருவரும் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பேசினார்கள். "ரோட்டுல போர்டு தெரியாம நான் எப்படிம்மா லாரி ஓட்டுறது? எவன் மேலயாவது ஏத்திட்டா?" என்றார் அவர். "நானே பிடிக்கிறேங்க. வீட்டுல ஒருத்தருக்காவது இருக்கணும்ல" என்றாள் பிரவீனா. மீன் ஆறிப்போவதற்குள் முடிந்த பேச்சு அது. தமிழை ஏற்கெனவே முழுதாகக் கொடுத்து முடித்திருந்தவள் மறுநாளே 'ஏ' தொடங்கினாள். வாரம் ஓர் எழுத்துதான், ஆனாலும் வேலையிடத்தில் லேபிள்கள் ஒவ்வொன்றாகப் பல் விழுந்த வாய் போல ஆகிக்கொண்டு வந்தன. மிச்சமிருந்த எழுத்துகளையும் பெட்டியின் நிறத்தையும் வைத்து ஒப்பேற்றினாள். எங்கேயோ முகம் தெரியாத ஒருத்தி தப்பான மாத்திரையை விழுங்கிவிடுவாளோ என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ரூபேந்திரனுக்கு இது தெரிந்தது ஒரு மளிகைக் கடையில். பெரியவர்கள் பிள்ளைகளிடம் எதையாவது காட்டி, இது என்ன எழுத்து என்று கேட்பது சகஜம். பிள்ளை சொன்னால் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அன்று பிரவீனா ஒரு மாவுப் பொட்டலத்தைக் காட்டி அப்படித்தான் கேட்டாள். அவன் சொன்னான். அவள் கன்னத்தைக் கிள்ளவில்லை. பொட்டலத்தை அவசரமாகக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக் காட்டினாள். அம்மா சோதிக்கவில்லை, நிஜமாகவே கேட்கிறாள் என்று அந்த ஆறு வயதுப் பையனுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் டின்னைத் திறந்தபோது அவன் கையை முஷ்டியாக மூடிக்கொண்டான். 'எல்' வரைக்கும் வந்திருந்தார்கள். கை வலிக்கிறது என்றான். மறுநாளும் வலித்தது. சாக்லேட் காட்டினாலும் பிரம்பைக் காட்டினாலும் முஷ்டி திறக்கவில்லை.

வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கதைப் புத்தகம் படிக்கத் தொடங்கியபோது ரூபேந்திரன் பாதி ஏபிசியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முதலாம் ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் கடைசி வரிசைதான், அங்கே உட்கார்ந்த பிள்ளை அங்கேயே வளர்ந்துவிடும் என்பது டீச்சருக்குத் தெரியும். ஒருநாள் அவனைத் தனியே கூப்பிட்டு, ஏன் எழுத மாட்டேன் என்கிறாய் என்று கேட்டார். அவன் சுற்றிவளைக்கவில்லை. "நான் கத்துக்கிட்டா அம்மாகிட்ட ஒண்ணும் இருக்காது டீச்சர்." சுகந்தினி டீச்சர் மேசையிலிருந்த சாமான்களை ஒதுக்கி, தட்டில் அரிசியைப் பரப்பித் தன் கையை நீட்டினார். "வா, நான் பிடிக்கிறன்."  அவன் முஷ்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "உங்ககிட்ட இருந்தும் போயிரும். அப்புறம் மத்தவங்களுக்கு யாரு படிச்சுக் காட்டுவா?" என்றான். டீச்சர் அன்று காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அழுதார். அழுது முடித்து, பிள்ளையை அழைத்துப்போக வந்த பிரவீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

பிரவீனா கேட்டுக்கொண்டு மகனை அழைத்துப்போனாள். அந்தச் சனிக்கிழமை மதியம் நல்ல மழை. ராஜசேகரன் துறைமுகத்தில் இருந்தார். ரூபேந்திரன் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே பாயில் படுத்துத் தூங்கிப்போனான். பிள்ளைகள் தூங்கினால் கை தானாகத் திறந்துகொள்ளும். அவள் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து, தட்டில் அரிசியைக் கொட்டிச் சமமாக்கி, அவன் பக்கத்தில் வைத்தாள். விரலை எடுத்து 'எம்' எழுதினாள். எழுதி முடித்த கையோடு அரிசியில் இருந்தது அவளுக்குக் கிறுக்கலாகிவிட்டது. தட்டைக் குலுக்கினாள். அடுத்தது எழுதினாள். ஒவ்வொன்றும் போவதற்கு முன்னால் அதை ஒருதரம் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். வேலையிடத்துப் பெயர்ப் பட்டையில் தன் பெயர் தொடங்குகிற எழுத்து வந்தபோது மட்டும் கொஞ்சம் நின்றாள். நடுவில் ஒருமுறை அவன் தூக்கத்திலேயே விரல்களை மடக்கப் பார்த்தான். அவள் அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். மழை விடும்போது கடைசி எழுத்தும் முடிந்திருந்தது. தட்டில் அரிசி இருந்தது. அது அவளுக்கு அரிசியாக மட்டும் தெரிந்தது.

அவன் விழித்ததும் எதிரே இருந்த பிஸ்கட் டின்னை மூலை முடுக்கு விடாமல் படித்தான். பாதியிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. எழுத்து கண்ணில் பட்டால் வாய் தானாகப் படித்தது. முடித்ததும் தட்டைக் காலால் எட்டி உதைத்தான். அரிசி வீடு முழுக்கச் சிதறியது. பிறகு வெகு நாளைக்கு அவன் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலாம் ஆண்டில் முதல் வரிசையில் உட்கார்ந்தான். பிரவீனா திங்கட்கிழமையே சூப்பர்வைசரிடம் போய், இனி லேபிள் பார்க்க முடியாது என்று தானே சொல்லிவிட்டாள். கேன்டீனில் தட்டுக் கழுவும் வேலை கொடுத்தார்கள். மாத்திரைப் பயம் போனதால் கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்தாள்.

வருடங்கள் ஓடின. கிளினிக்கில், பஸ் நிலையத்தில், சிங்கப்பூர்ப் பாலத்துக் குடிநுழைவு வாசலில், ஆறேழு வயதுப் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு முன்னால் நடந்து வழி சொல்வதை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அரிசியைச் சமைத்துவிடுங்கள், பழையபடி ஐயரே பிடிக்கட்டும் என்று சுகந்தினி டீச்சர் ஒவ்வொரு விஜயதசமிக்கும் வாசலில் நின்று கெஞ்சுகிறார். கேட்பார் இல்லை. பெற்றவர் கைபிடித்த பிள்ளைகள் ஆறு வயதில் பேப்பர் படிக்கிறார்கள். இதைக் கண்ணால் பார்த்துவிட்ட ஊர் எப்படிக் கேட்கும்? கோத்தா திங்கியிலிருந்துகூட வேன் பிடித்து, டின்னோடு வந்து இறங்குகிறார்கள். வரிசை கோயிலைச் சுற்றிக்கொண்டு பெரிய ரோடு வரை போகிறது. விரல் பிடிக்க வாடகைக்குக் கை கிடைக்குமா என்று விசாரிக்கிறவர்களும் அந்த வரிசையில் உண்டு.

ரூபேந்திரன் முதலாம் ஆண்டு போன பிறகு அந்த வீட்டில் ஒரு பெண் பிறந்தாள். லோஷினி என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு நான்கு வயதான விஜயதசமியன்று ராஜசேகரன் வேட்டி கட்டிக்கொண்டு தாம்பாளத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மனைவியிடம் எழுத்து இல்லை, எனவே இந்த முறை அவர்தான். எழுத்தெல்லாம் போனதும் லாரியை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்குவதாக ஏற்பாடு. அவர் மகளைக் கூப்பிடுவதற்குள் ரூபேந்திரன் அவளைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவன் அப்போது ஐந்தாம் ஆண்டு. பள்ளியில் கட்டுரைப் போட்டி என்றால் அவன்தான்.

"நீங்க லாரி ஓட்டுங்கப்பா. இவளுக்கு நான் பிடிக்கிறேன்" என்றான்.

பிரவீனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "டேய், வேணாம்டா. நீ இன்னும் படிக்கணும்டா. எங்கிட்ட இருந்ததெல்லாம் உன்கிட்டதான் இருக்கு."

"தெரியும்மா. நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்ல, அப்ப நீங்க என்னைக் கேட்டீங்களா?"

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. ராஜசேகரன் தலை குனிந்துகொண்டார். ஐயர் மூவரையும் ஒருதரம் பார்த்துவிட்டு, தாம்பாளத்தைப் பையன் பக்கமாகத் தள்ளி வைத்தார். ரூபேந்திரன் தங்கையின் காதருகே குனிந்து, "எழுதலாமா?" என்று கேட்டான். லோஷினி நெளிந்து சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அவன் அவள் விரலைப் பிடித்து அரிசியில் வைத்தான். பின்னால் நின்றவர்கள் டின்னை இடுப்பில் மாற்றிக்கொண்டு ஓர் அடி முன்னால் நகர்ந்தார்கள்.